மூடிய கதவும் திறந்த கணக்கும்

சென்ற குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, ஒக்லாந்து நகரின் மவுண்ட் றொஸ்கில் பகுதியில் வாழும் எம்மவர் ஒருவரின் வீட்டிற்கு நாம் அழைக்கப்பட்டிருந்தோம். தேநீர் வருமுன்பே வழக்கு வந்து சேர்ந்தது. வழக்காளி தந்தை, எதிராளி அவருடைய மகள், நீதிபதி, எவரும் நியமிக்காமலே, நாம்.

மகள் தோசைமா அரைத்து விற்கிறாள். மாநகர சபையில் முறைப்படி பதிவு செய்து, வாடகைக்கு எடுத்த சமையற்கூடம் ஒன்றில் வாரத்தில் இரு நாட்கள் அரைத்து, பெட்டிகளில் அடைத்து, சாண்ட்றிங்கம் கடைகளுக்கும் தெரிந்த வீடுகளுக்கும் கொடுக்கிறாள். தொடங்கிய நாள் முதலாக அவள் கைக்கொண்டு வரும் வழக்கம் ஒன்றுண்டு. ஒவ்வொரு பெட்டியுடனும் அரைப்பக்கத் துண்டுத்தாள் ஒன்றை வைப்பாள். அந்த வாரம் உழுந்து என்ன விலைக்கு வாங்கினாள், எத்தனை பெட்டி விற்றது, எத்தனை பெட்டி வீணாயிற்று, எதனைப் புதிதாகக் கற்றாள் என்பன அதில் இருக்கும். விளம்பரம் என்று சொல்லத்தக்க ஒரு சொல்லும் இராது. ஆயினும் மாவுக்காகக் காத்திருப்பவர்களைப் போலவே அந்தத் தாளுக்காகக் காத்திருப்பவர்களும் காலப்போக்கில் உருவாகிவிட்டார்கள்.

ஜூலை மாதத்துக் கடுங்குளிரில் ஒரு நாள் அரைத்த மா பொங்கவில்லை. அது தெரியவந்தபோது பெட்டிகள் வீடுகளுக்குப் போய்விட்டன. அடுத்த தாளில் நடந்ததை அப்படியே எழுதி, மாற்றுப் பெட்டி தருவதாகவும் சொல்லிவிட வேண்டும் என்பது மகளின் நிலைப்பாடு. தந்தை அதனை ஏற்கவில்லை.

"சேர், நீங்களாவது இவளுக்குச் சொல்லுங்கோ. தன்ர பிழையைத் தானே அச்சடிச்சுக் குடுக்கிற யாவாரத்தை நான் எங்கேயும் காணேல்லை. சனம் சிரிக்கும். பிறகு ஒருத்தரும் வாங்கமாட்டினம்" என்றார் அவர்.

மகள் அமைதியாகச் சொன்னாள்: "அப்பா, பொங்காத மா அவையின்ர வீட்டிலதான் இருக்கு. நான் சொல்லாட்டி அவைக்குத் தெரியாதோ?"

நாம் அன்று தீர்ப்பெதுவும் சொல்லவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம். ஆயினும் அந்த வினா எம்மைத் தொடர்ந்து வந்தது. ஒரு முயற்சியைத் தொடங்குபவர் அதன் வழியை, அதிலும் வழியில் விழுந்த இடங்களை, ஊரறியச் சொல்லலாமா? சொன்னால் வருவது நகைப்பா, நம்பிக்கையா?

மௌனம் பழகிய கதை

தந்தையைக் குறை கூற எமக்கு மனம் வரவில்லை. அவருடைய அச்சத்திற்கு வேர் உண்டு. ஒரு காரியம் கைகூடும்வரை வாய்திறவாதே என்பது எமது வீடுகளில் வழிவழியாக வரும் பாடம். சொன்னால் கண்ணூறு படும். சொன்னால் போட்டிக்கு ஆள் வரும். சொல்லித் தோற்றால் தலைகுனிவு.

போர் அந்தப் பாடத்தை இன்னும் ஆழமாக எழுதிவிட்டது. சோதனைச் சாவடியில் எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய், யாரைத் தெரியும் என்ற மூன்று கேள்விகளுக்கும் இயன்றவரை குறைவாக விடை சொல்வதே உயிர்காக்கும் வித்தையாக இருந்தது. நாம் வளாகத்தில் விரிவுரையாளராக இருந்த காலத்தில், வகுப்பில் கேள்வி கேட்கத் தயங்காத மாணவர்கள் வெளியே வந்ததும் தம் பெயரைக்கூட மெதுவாகச் சொல்வதைக் கண்டிருக்கிறோம். அப்படிப் பழகியவர்கள் கடல் கடந்து வந்த பின்னும் பழக்கத்தை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வருவதில்லை.

அதன் விளைவை எமது வணிகத்தில் காணலாம். கடை திறக்கும் நாளில் குத்துவிளக்கும் மாலையும் நாதஸ்வர இசையும் இருக்கும். மூடும் நாளில் கதவில் ஒட்டிய தாள் மட்டும் இருக்கும். இடையில் நடந்தது என்னவென்று எவருக்கும் தெரியாது. வாடகை உடன்படிக்கையில் எங்கே ஏமாந்தார், எந்தச் சரக்கு தேங்கிற்று, சீட்டுப் பணத்தை எப்போது எடுத்து எதில் போட்டார் என்பதை அவர் சொல்வதில்லை. கேட்பது மரியாதையன்று என்று நாமும் கேட்பதில்லை. ஆறு மாதத்தில் அதே தெருவில் இன்னொருவர் அதே குழியில் விழுகிறார். தோல்வி ஒருவருக்குரிய அவமானமாக மறைக்கப்படுவதால், அது எல்லோருக்குமுரிய அறிவாக மாற வழியில்லாமற் போகிறது.

இந்நகரிலேயே ஒரு பாடம்

இதற்கு மாறான வழியொன்றை நாம் தேடித் தூரதேசம் போகவேண்டியதில்லை. இந்த ஒக்லாந்து நகரிலேயே, மவுண்ட் வெலிங்டன் பகுதியில், அதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. றொக்கெட் லாப் என்ற விண்கல நிறுவனமே அது.

இதனை 2006 இல் தொடங்கியவர் பீற்றர் பெக். நாட்டின் தென்கோடியிலுள்ள இன்வெர்காகில் நகரில் பிறந்தவர். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இல்லாதவர். தொழிற்சாலையில் கருவி செய்யும் தொழில் பயிலுநராகச் சேர்ந்தவர். விண்வெளித்துறை என்று சொல்லத்தக்க ஒன்றே இல்லாதிருந்த நாட்டில், விண்ணுக்குக் கலம் அனுப்புவேன் என்று ஒருவர் சொன்னால் எத்தனை பேர் நம்புவர்? நம்பிக்கையைக் கேட்டுப் பெற இயலாது, காட்டித்தான் பெறவேண்டும். 2009 நவம்பர் 30 அன்று கிறேற் மேக்கியூரி தீவிலிருந்து ஆற்றியா-1 என்ற சிறு ஏவுகலம் புறப்பட்டது. அது விண்வெளியை எட்டியதாக நிறுவனம் அறிவித்தது. அதன் பின்னர்தான் பெரிய முதலீடுகள் வரத்தொடங்கின.

அடுத்து உருவானது, எமது பாடநூல்களில் இலத்திரன் என்று நாம் படித்த துகளின் பெயரைத் தாங்கிய எலெக்ட்ரன் ஏவுகலம். உயரம் ஏறத்தாழ 18 மீற்றர். தாழ்ந்த சுற்றுப்பாதைக்கு 300 கிலோகிராம் வரையான சிறு செய்மதிகளைக் கொண்டுசெல்லத்தக்கது. அதன் இயந்திரத்திற்கு இந்நாடு ஈன்ற அணுவியல் அறிஞர் றதர்போர்ட்டின் பெயர் சூட்டப்பட்டது.

இந்த ஏவுகலத்தின் முதற் பறப்பு 2017 மே 25 அன்று மாகியா தீபகற்பத்திலிருந்து நடந்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயரைக் கவனியுங்கள்: 'இது ஒரு பரிசோதனை'. எம்மவர் எவராவது தம் கடைக்கு அப்படிப் பெயர் வைப்பரா? பெயரே பார்ப்பவரின் எதிர்பார்ப்பை உரிய அளவில் நிறுத்திவிட்டது. கலம் விண்வெளியை எட்டியது, சுற்றுப்பாதையை எட்டவில்லை. சில வாரங்களின் பின் நிறுவனம் காரணத்தை வெளியிட்டது. கலத்தில் குறையில்லை, தரையிலிருந்த தகவற் கருவியொன்று பிழையாக அமைக்கப்பட்டிருந்ததால் தரவுத்தொடர்பு அறுந்தது, பாதுகாப்பு விதிப்படி பறப்பை நிறுத்தவேண்டியதாயிற்று. இரண்டாம் பறப்பின் பெயர் 'இன்னும் பரிசோதனையே'. 2017 டிசம்பரில் அது பலரும் நேரடி ஒளிபரப்பில் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே கடைசி நொடிகளில் கணினியால் நிறுத்தப்பட்டது. 2018 ஜனவரி 21 அன்று மீண்டும் முயன்று சுற்றுப்பாதையை எட்டியது.

இவை நல்ல முடிவுகள். நல்ல முடிவு வந்தபின் திறந்த மனத்தோடு பேசுவது எளிது. உண்மையான சோதனை 2020 ஜூலையில் வந்தது. தொடர்ந்து பதினொரு பறப்புகள் வெற்றியாக முடிந்திருந்த வேளையில், 13ஆவது பறப்பு இடைவழியில் இயந்திரம் நின்று தோற்றது. பிறர் நம்பி ஒப்படைத்த ஏழு செய்மதிகள் அழிந்தன. அன்றைய பறப்பின் பெயர், படமில்லையேல் நடக்கவேயில்லை என்ற பொருள் தரும் வேடிக்கைத் தொடர். விதி அந்த வேடிக்கையைத் திருப்பிக் கொடுத்தது. பெக் உடனேயே வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். அம்மாதம் முடிவதற்குள் காரணம் அறிவிக்கப்பட்டது: ஒரேயொரு மின்னிணைப்பில் ஏற்பட்ட பழுது. ஓகஸ்ட் மாத முடிவில் அடுத்த கலம் வெற்றியாகப் பறந்தது. எட்டு வாரங்கள்தாம். மறைத்திருந்தால் அந்த எட்டு வாரமும் வதந்திக்குரியதாகியிருக்கும். சொன்னதால் அது திருத்தத்திற்குரியதாயிற்று.

அதே ஆண்டு நவம்பர் 20 அன்று நடந்த பறப்பில் இன்னோர் அழகு உண்டு. வீடியோ விளையாட்டு நிறுவனமொன்றின் அதிபர் கேப் நியூவெல், பெருந்தொற்றுக் காலத்தை இந்நாட்டில் கழித்தவர், சிறிய தோட்டப் பொம்மை ஒன்றைக் கலத்தோடு அனுப்பினார். பறப்பை 24 மணிநேரத்துக்குள் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு டொலர் வீதம் ஒக்லாந்தின் ஸ்ரார்ஷிப் சிறுவர் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு நன்கொடை தருவதாக அறிவித்தார். வேடிக்கை பார்க்கவந்த கூட்டம், பார்த்ததனாலேயே நோயுற்ற குழந்தைகளுக்கு உதவிற்று. அதே பறப்பில் கலத்தின் முதற்பகுதி வான்குடையில் இறங்கிக் கடலிலிருந்து மீட்கப்பட்டது.

அந்த மீட்பின் பின்னால் ஒரு வாக்குப்பிழையும் இருக்கிறது. ஏவுகலத்தை மீளப் பயன்படுத்தமாட்டோம் என்று பெக் முன்னர் உறுதியாகச் சொல்லியிருந்தார்; அப்படிச் செய்தால் தன் தொப்பியைத் தின்பேன் என்றும் சொல்லியிருந்தார். 2019 இல் அந்த முடிவை மாற்றிக்கொண்டார். 2021 மார்ச் மாதம், நியூத்திரன் என்ற பெரிய ஏவுகலத்தை அறிவித்த காட்சியில், தொப்பியொன்றை அரைவைப் பொறியில் அரைத்து ஒரு வாய் தின்று காட்டினார். சொன்னது பிழை என்று ஒப்புக்கொள்வதற்கு எமது சமூகத்தில் எத்தனை தலைவர்கள் தொப்பி தின்றிருக்கிறார்கள் என்று வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

2021 ஓகஸ்டில் நிறுவனம் நியூயோர்க் நஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. 2024 ஜூனில் எலெக்ட்ரனின் 50ஆவது பறப்பு நடந்தது. அந்த ஆண்டில் மட்டும் 16 பறப்புகள். பெக்கிற்கு அதே ஆண்டு 'சேர்' பட்டம் கிடைத்தது. செய்மதி அனுப்புகிறவர்கள் அரசுகளும் நிறுவனங்களுமே. ஒளிபரப்பைப் பார்க்கும் பள்ளிச் சிறுவன் ஏவுகலம் வாங்கப்போவதில்லை. அப்படியாயின் அவனுக்கு ஏன் காட்டவேண்டும்? அவன் நாளை அங்கே பொறியியலாளனாகச் சேரலாம். அவனுடைய தந்தை பங்கு வாங்கலாம். அவனுடைய ஊர் ஏவுதளத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். பார்வையாளர் கூட்டம் என்பது வாடிக்கையாளர் வரிசையிலும் அகலமானது.

சொல்லாமல் விட்ட இடங்கள்

ஆயினும் இந்நிறுவனத்தைப் பொன்முலாம் பூசிக் காட்ட நாம் எழுதவில்லை. திறந்த கதவுக்கும் உள்ளே பூட்டிய அறை உண்டு.

2018 ஜனவரிப் பறப்பில் 'மானுட விண்மீன்' என்ற ஒளிரும் கோளம் ஒன்றும் சென்றது. அது முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. சுற்றுப்பாதையை எட்டிய பின்னரே அறிவிக்கப்பட்டது. இரவு வானம் எல்லோருக்கும் பொதுவானது. கேட்காமல் அதில் விளக்கேற்றலாமா என்று வானியலாளர் பலர் கண்டித்தனர். இரண்டு மாதத்தில் அது வளிமண்டலத்தில் எரிந்து போயிற்று, கேள்வி எரிந்துபோகவில்லை.

அதனினும் பாரிய கேள்வி 2021 மார்ச்சில் எழுந்தது. அமெரிக்கத் தரைப்படைக்குரிய 'கன்ஸ்மோக்-ஜே' என்ற பரிசோதனைச் செய்மதி மாகியாவிலிருந்து ஏவப்பட்டது. இது 1987 இல் அணுவாயுதமற்ற நாடு என்று சட்டம் இயற்றிய மண். போர்க்களத்துக்குப் பயன்படக்கூடிய கருவி எமது கரையிலிருந்து புறப்படலாமா என்று பசுமைக் கட்சியினரும் சமாதான ஆர்வலர்களும் கேட்டனர். விண்வெளிச் சட்டப்படி ஒவ்வொரு செய்மதிக்கும் அரசின் அனுமதி பெறப்படுகிறது என்பதே நிறுவனத்தினதும் அரசினதும் விடை. சட்டப்படி அது சரியான விடையாக இருக்கலாம். வானத்திலிருந்து பார்க்கும் கண்கள் யாருக்காகப் பார்க்கின்றன என்ற கேள்வி, வானத்தைப் பார்த்துப் பதுங்குகுழிக்கு ஓடிய எமக்கு அத்துணை எளிதில் தீர்ந்துவிடுவதில்லை.

இதிலிருந்து நாம் கற்பது ஒன்று. பயணத்தை ஊருக்குச் சொல்லத் தொடங்கியவர், ஊர் கேட்கும் கேள்விக்கும் கட்டுப்பட்டவர் ஆகிறார். கைதட்டலை மட்டும் ஏற்று, கேள்வி வரும்போது கதவடைப்பது முடியாது. மக்களைப் பார்க்க அழைத்தால் அவர்கள் எல்லாவற்றையும் பார்ப்பார்கள்.

தூத்துக்குடியிற் கண்ட முன்னோடி

இதெல்லாம் வெள்ளையர் வழக்கம், எமக்குப் பொருந்தாது என்று சொல்வோர்க்கு ஒரு தமிழரை நினைவூட்டுவோம். 1906 இல் வ. உ. சிதம்பரம்பிள்ளை சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கியபோது அது மூடிய அறையில் நால்வர் கூடிச் செய்த வணிகமன்று. பத்து இலட்சம் ரூபா மூலதனம். 25 ரூபா வீதம் 40,000 பங்குகள். பெருஞ்செல்வர் சிலரோடு நின்றுவிடாமல் ஊரூராகப் பேசிப் பங்கு திரட்டினார். பாரதியார் ஆசிரியராக இருந்த 'இந்தியா' இதழ் அம்முயற்சிக்குக் குரல் கொடுத்தது. கப்பலோடு திரும்புவேன், இல்லையேல் கடலில் வீழ்வேன் என்று சூளுரைத்துப் பம்பாய் சென்ற செய்தி தமிழகமெங்கும் பேசப்பட்டது. 1907 இல் காலியா, லாவோ என்னும் கப்பல்கள் வந்தபோது, பங்கு வாங்காதவரும் அவற்றைத் தம் கப்பல்கள் என்றே கொண்டாடினர். அக்கப்பல்கள் ஓடியது தூத்துக்குடிக்கும் எமது கொழும்புக்கும் இடையே என்பது எமக்கு இன்னும் நெருக்கம்.

முடிவு துயரமானது. ஆங்கிலேயக் கப்பல் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டது. 1908 மார்ச்சில் வ. உ. சி. சிறைப்பட்டார். 1911 இல் சங்கம் கலைந்தது. மக்களின் அன்பு மட்டும் நிலக்கரி வாங்கித் தராது என்பதையும், ஒரே மனிதரின் குரலில் தொங்கிய நிறுவனம் அந்தக் குரல் அடைக்கப்பட்டால் தள்ளாடும் என்பதையும் இக்கதை சொல்கிறது. இருந்தும், வெளிப்படையாகத் தொடங்கி வெளிப்படையாக வீழ்ந்ததனாலேயே அது நூறாண்டு கடந்தும் எமக்குப் பாடமாக இருக்கிறது.

எதைச் சொல்வது, எதை விடுவது

ஆகவே, தொழில் தொடங்கும் எமது இளையோர்க்கு நாம் சொல்லக்கூடியவை இவை. நடந்ததைச் சொல்லுங்கள்; நடக்கப்போவதாக நாள் குறித்து வாக்களிக்காதீர்கள். சொந்தப் பிழையைச் சொல்லுங்கள். ஊழியரின் பிழையைத் தெருவில் வைக்காதீர்கள். வாடிக்கையாளரின் பெயரும் விவரமும் உங்களுடையவை அல்ல. ஊரில் இருக்கும் உறவினரைப் பற்றிய செய்தியை எழுதுமுன் இருமுறை எண்ணுங்கள். இங்கே பாதுகாப்பானது அங்கே அப்படி இல்லாதிருக்கலாம். வெற்றியை மட்டும் தொடர்ந்து சொல்வது தம்பட்டம். தோல்வியை மட்டும் தொடர்ந்து சொல்வது இரக்கம் தேடல். இரண்டும் கலந்த கணக்கே நம்பிக்கைக்குரியது. சொல்வதற்காகவே நேரமெல்லாம் போய்விட்டால் செய்வதற்கு நேரம் இராது என்பதையும் மறவாதீர்கள்.

பெரியோரிடமும் ஒன்று கேட்போம். கடையை மூடிய ஒருவர் எம்மிடம் அதைச் சொல்லவரும்போது, 'நான் அப்பவே சொன்னனான்' என்ற சொல்லை விழுங்கிக்கொள்வோம். அந்த ஒரு சொல்லுக்கு அஞ்சியே எமது சமூகத்தின் பாதி அனுபவம் புதைக்கப்படுகிறது.

தோசைமா வழக்கு என்னவாயிற்று என்று வாசகர்கள் கேட்கலாம். மகள் தாளை எழுதினாள். தந்தை அதை வாசித்து, ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தி, அச்சிட அனுமதித்தார். மூன்று வீடுகள் மா எடுப்பதை நிறுத்தின. சிலர் மாற்றுப் பெட்டி கேட்டனர். பலர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வாரமும் வாங்கினர். பல ஆண்டுகளாக இந்நகரில் வாழும் மூதாட்டி ஒருவர் மட்டும் தொலைபேசியில் அழைத்தார். "பிள்ளை, இந்தக் குளிருக்கு மா வெளியில பொங்காது. பழைய வீடுகளில சுடுதண்ணித் தாங்கி வைக்கிற அலுமாரி இருக்கெல்லே, நான் அதுக்குள்ளதான் வைக்கிறனான். அந்தச் சூடு உன்ர இடத்தில இருக்கோ எண்டு பார்" என்றாராம்.

அதே அளவு வெப்பத்தைத் தன் சமையற்கூடத்தில் ஏற்படுத்திக்கொள்ள அவளுக்கு இரண்டு வாரம் பிடித்தது. அந்தச் செலவும் அடுத்த தாளில் வந்தது. எமது வீட்டுக்கு வந்த பெட்டியோடு அத்தாளும் வந்தது. மா நன்றாகப் பொங்கியிருந்தது.

தந்தை இப்போது ஒவ்வொரு தாளையும் ஒரு கோப்பில் அடுக்கி வைக்கிறார் என்று அறிகிறோம். ஏனென்று கேட்டோம். "பின்னால தொடங்கிற பிள்ளையளுக்கு உதவும் சேர்" என்றார். வழக்கில் தீர்ப்பைச் சொல்லவேண்டியவர் சொல்லிவிட்டார். நாம் எழுதி வைத்தோம், அவ்வளவே.